சிவப்புப் பெட்டிக்குப் பணம் கட்டலாமா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சுங்கை சிப்புட்டிலிருந்து அக்காள் மகள் அழைத்தாள். படிவம் நான்கு படிக்கிறாள். அந்த வீட்டில் கணினி, கைப்பேசி, வைஃபை என்று எது மக்கர் செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"மாமா, கம்ப்யூட்டர்ல செவப்பு பாக்ஸ் ஒண்ணு வந்துகிட்டே இருக்கு. ஆண்டிவைரஸ் முடிய இன்னும் ஏழு நாளாம். அப்பா கார்டு நம்பர் போடச் சொல்றாரு. போடவா?"

"எவ்வளவு கேக்குது?"

அவள் சொன்ன தொகை, முதல் ஆண்டு கட்டியதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

"கட்டலன்னா வைரஸ் வந்துருமா மாமா? அப்பா அதுக்குத்தான் பயப்படுறாரு. தாத்தா போட்டோ எல்லாம் அதுலதானே இருக்கு."

"கட்டாதம்மா. நாளைக்கு நான் வர்றேன்."

பதிலைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆனால் ஏன் கட்ட வேண்டாம் என்பதை அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் விளக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. அந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். மாணவர்களே, உங்களில் பலருடைய வீட்டிலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். வீட்டிலிருந்து படித்த அந்த 2020, 2021-ஆம் ஆண்டுகளில் வாங்கிய மடிக்கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். கடையிலேயே ஒரு தடுப்பு மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். ஆண்டுதோறும் அது கையை நீட்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் கணினியை ஒழுங்காகப் புதுப்பித்து வைத்திருக்கும் சாதாரணக் குடும்பம் இந்தச் சந்தாவைத் தொடர வேண்டியதில்லை. அந்தப் பணத்துக்கு அதைவிட நல்ல வேலை இருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் மறைக்கப் போவதில்லை.

ஒரு காலத்தில் இந்த மென்பொருள் இல்லாமல் முடியாது என்ற நிலை உண்மையாகவே இருந்தது. 1986-இல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் இரு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' என்ற நச்சுநிரல்தான் ஐ.பி.எம். வகைக் கணினிகளில் பரவிய முதல் நச்சுநிரல். அது நெகிழ்வட்டில் ஏறி ஊர் ஊராகப் போனது. வேடிக்கை என்னவென்றால், அதற்குள் அவர்கள் தங்கள் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்திருந்தார்கள்! பிறகு மின்னஞ்சல் வந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' நிரல், காதல் கடிதம் போல் வேடமிட்டு உலகம் முழுவதும் அலுவலகங்களை முடக்கியது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் ஈப்போவின் இணைய மையங்களுக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பென்டிரைவைச் செருகி எடுத்தால், அதில் நாம் வைக்காத நாலு கோப்புகள் கூடவே வரும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கணினியோடு நச்சுநிரல் தடுப்பு எதுவும் வரவில்லை. தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும்.

நிலைமை மாறியது 2009-இல். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்' என்ற தடுப்பு மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது 'டிஃபெண்டர்' என்ற பெயரில் அது கணினிக்குள்ளேயே வந்துவிட்டது. தொடக்கத்தில் அது நல்ல காவல்காரனாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் மக்டபர்க் நகரிலுள்ள 'ஏ.வி.-டெஸ்ட்', ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் நகரிலுள்ள 'ஏ.வி.-கம்பேரட்டிவ்ஸ்' ஆகிய இரண்டும் இத்தகைய மென்பொருள்களைத் தொடர்ந்து சோதித்து மதிப்பெண் வழங்கும் ஆய்வுக்கூடங்கள். 2013 வாக்கில் மைக்ரோசாஃப்டின் மென்பொருள் அந்தப் பட்டியலில் கடைசி வரிசையில் கிடந்தது. இப்போது அதே ஏ.வி.-டெஸ்டில், பாதுகாப்புப் பிரிவுக்குரிய 6 மதிப்பெண்ணையும் டிஃபெண்டர் பலமுறை முழுமையாக வாங்குகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் நம் அண்ணன்மார் சொன்ன அறிவுரை அன்று சரி. இன்று அது பழைய பாடப்புத்தகம்.

இந்த மென்பொருள் உள்ளே என்னதான் செய்கிறது? முதல் வேலை, அடையாளம் பார்ப்பது. பிடிபட்ட ஒவ்வொரு தீய நிரலுக்கும் ஓர் அடையாளம் எடுத்துப் பட்டியலில் சேர்க்கிறார்கள். புதிய கோப்பு உள்ளே வந்தால் அந்தப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. காவல் நிலையச் சுவரில் குற்றவாளிகளின் படங்களை ஒட்டி வைப்பது மாதிரி. மீசையை மழித்துவிட்டு வந்தால்? நிரலை எழுதுபவன் அதைத்தான் செய்கிறான். ஒவ்வொரு முறையும் கோப்பின் உருவத்தைச் சற்று மாற்றி அனுப்புகிறான். ஆகவே இரண்டாவது வேலை, நடத்தையைக் கவனிப்பது. நேற்று இறக்கிய ஏதோ ஒரு நிரல் திடீரென உங்கள் நூற்றுக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றி எழுதத் தொடங்கினால், அது யார் என்று தெரியாவிட்டாலும் செய்கை சரியில்லை என்று நிறுத்தலாம். மூன்றாவதாக, சந்தேகம் வந்தால் இணையம் வழியாக நிறுவனத்தின் பெருங்கணினிகளைக் கேட்கிறது. இந்த மூன்றையும் பணம் வாங்கும் மென்பொருளும் செய்கிறது, டிஃபெண்டரும் செய்கிறது.

உங்கள் கணினியில் காவல் விழித்திருக்கிறதா என்று நீங்களே சோதிக்க ஒரு வழி உண்டு. 'ஐகார்' என்ற ஐரோப்பிய அமைப்பு வெளியிட்ட சோதனைக் கோப்பு ஒன்று இருக்கிறது. மொத்தம் 68 எழுத்துகள். எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் உலகின் தடுப்பு மென்பொருள்கள் அதைக் கண்டதும் நச்சுநிரல் வந்ததுபோல் கூச்சலிட வேண்டும் என்பது உடன்பாடு. அந்த அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து அதை இறக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் காவல்காரன் தூங்கவில்லை. வீட்டுக் கணினியில் மட்டும், பெற்றோரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பள்ளிக் கணினிக்கூடத்தில் செய்து ஆசிரியரிடம் மாட்டிக்கொண்டு என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

சரி, கட்டண மென்பொருள் கொஞ்சமாவது கூடுதலாகப் பிடிக்காதா என்று அக்காள் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. ஒரு தாளை எடுத்து இருவரும் கணக்குப் போட்டோம். எண்கள் கணக்குக்காக நாங்களே வைத்துக்கொண்டவை. ஓராண்டில் 3 தீய கோப்புகள் உங்கள் கணினியை வந்தடைகின்றன என்று வையுங்கள். கட்டண மென்பொருள் 99.5 விழுக்காடு பிடிக்கிறது. இலவசமானது 98.5 விழுக்காடு. முதலாவதில் தப்பிப்பது ஆண்டுக்கு 0.015 கோப்பு. இரண்டாவதில் 0.045. வித்தியாசம் 0.03. அதாவது சுமார் 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டண மென்பொருள் உங்களைக் கூடுதலாகக் காப்பாற்றும். இப்போது வேறு மாதிரி போடுங்கள். இலவச மென்பொருளையே வைத்துக்கொண்டு, வந்தடையும் கோப்புகளை 3-இலிருந்து 1-ஆகக் குறைத்துவிட்டால்? 0.015. கட்டண மென்பொருளின் அதே எண்! ஒரு காசு செலவில்லை. கண்ட கண்ட கோப்பை இறக்காமல் இருந்தாலே போதும்.

உள்ளே விட்டுவிட்டுப் பிடிப்பதைவிட உள்ளே வராமல் பார்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு உதாரணம் தேடி நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். பேராக் மாநிலமே போதும்.

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே வயதான ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1876-இல் ஹென்ரி விக்காம் என்பவர் பிரேசிலின் தப்பாஜோஸ் ஆற்றோரத்திலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோன விதைகள் அங்கே முளைத்தன. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த நடவின் எச்சம்தான் இந்த மரம். நம் தாத்தா பாட்டிமார் மங்கு துடைத்துப் பால் எடுத்த தோட்டங்களெல்லாம் இந்தச் சிறு குடும்பத்தின் பிள்ளைகள்தான்.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ரப்பருக்குத் தென் அமெரிக்க இலைக்கருகல் என்றொரு பூஞ்சை நோய் உண்டு. இளம் இலைகளைத் தின்று மரத்தை மொட்டையடித்துவிடும். கார் முதலாளி ஹென்ரி ஃபோர்டு 1928-இல் அதே தப்பாஜோஸ் ஆற்றோரம் 'ஃபோர்ட்லாண்டியா' என்று ஒரு பெரிய ரப்பர் தோட்டம் தொடங்கினார். மரங்களை நெருக்கமாக நட்டார். நோய் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குத் தாவியது. மருந்தடித்துப் பார்த்தார்கள், ஒட்டுக்கட்டிப் பார்த்தார்கள். 1945-இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடம் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். நம் நாட்டு மரங்களில் பெரும்பாலானவற்றுக்கும் அந்த நோயை எதிர்க்கும் சக்தி கிடையாது. இருந்தும் நம் தோட்டங்கள் நூறு ஆண்டுக்கு மேல் பால் கொடுத்தன. எப்படி? பூஞ்சை இங்கே வரவே இல்லை. முதலில் வந்த கன்றுகளோடு அது தொற்றி வராதது அதிர்ஷ்டம். அதன்பின் அந்த நாடுகளிலிருந்து செடி, விதை, மண் எதுவும் இஷ்டத்துக்கு வந்துவிடாதபடி எல்லையில் பார்த்துக்கொண்டது திட்டம். அதற்கென்றே 1976-ஆம் ஆண்டுப் பயிர்த் தொற்றுத்தடைச் சட்டம் இருக்கிறது. நம் தோட்டத்து ரப்பரைக் காத்ததில் மருந்து தெளிப்பானைவிட விமான நிலையச் சோதனை மேசைக்குப் பங்கு அதிகம். இதை நான் தோட்டத்தில் வளர்ந்த காலத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. (பின்னாளில் அந்தத் தோட்டமே செம்பனையாகி, அப்புறம் பாதி தாமானாகிவிட்டது. ரப்பரை விரட்டியது பூஞ்சை அல்ல, விலை.)

கணினியின் சோதனை மேசை எது? முதலாவது, விண்டோஸ் புதுப்பிப்பு. 2017 மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' என்ற பணயத் தீநிரல் 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. 59 நாள் இருந்தது. 'புதுப்பிப்பை அப்புறம் பார்க்கலாம்' என்ற பொத்தானை அழுத்தியவர்கள்தான் பெரும்பாலும் அகப்பட்டார்கள். திருத்தம் போட்ட கணினிக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை.

இங்கே உங்கள் வீட்டுக் கணினியை ஒரு முறை எழுந்துபோய்ப் பார்க்கச் சொல்கிறேன். அது விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன்பின் திருத்தங்கள் வேண்டுமென்றால் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ள வேண்டும், அல்லது கணினி தாங்குமானால் விண்டோஸ் 11-க்கு மாற வேண்டும். திருத்தமே வராத பழைய கணினிக்கு ஆண்டிவைரஸ் சந்தா கட்டுவது, சுவர் இடிந்த வீட்டுக்கு விலையுயர்ந்த பூட்டு வாங்குவது மாதிரி. அந்தப் பூட்டை விற்பவர்கள் சுவரைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

இரண்டாவது சோதனை மேசை நாம்தான். இதில் நான் பேச எனக்கு அருகதை குறைவு. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் கடைசித் தீமிதியை நான்தான் படமெடுத்தேன். அடுத்த ஆண்டு கோயிலை வேறிடத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று தெரியும். லயத்து வீடுகள், ஆயக்கொட்டாய், பூ மிதித்தவர்கள், கஞ்சி ஊற்றியவர்கள் என்று அறுநூறுக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றைக் காணொளியாக்க ஒரு மென்பொருள் வேண்டியிருந்தது. விலை அதிகம் என்று பூட்டுடைத்த பதிப்பு ஒன்றை இறக்கினேன். 'நிறுவும்போது ஆண்டிவைரஸை நிறுத்திவிடவும்' என்று அதில் எழுதியிருந்தது. நிறுத்தினேன். மறுநாள் காலை எல்லாப் படங்களின் பெயருக்கும் பின்னால் புரியாத நான்கெழுத்து ஒட்டியிருந்தது. பிட்காயின் கேட்டு ஒரு கடிதம். என் கட்டண ஆண்டிவைரஸின் சந்தா அன்று இன்னும் ஐந்து மாதம் மிச்சமிருந்தது. அதன்மேல் எனக்குக் குறையே இல்லை. காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்தது நான். காப்பு நகல் எடுத்து வைக்காததும் நான்.

2016-இல் நெதர்லாந்துக் காவல்துறை, யூரோபோல், இரண்டு ஆண்டிவைரஸ் நிறுவனங்கள் சேர்ந்து 'நோ மோர் ரான்சம்' என்ற திட்டத்தைத் தொடங்கின. பூட்டப்பட்ட கோப்புகளைத் திறக்கும் சாவிகளை இலவசமாகத் தருகிறார்கள். பலருக்கு உதவியிருக்கிறது. என்னுடைய வகைக்குச் சாவி கிடைக்கவில்லை. இப்போதும் சிலர் அந்தத் தீமிதிப் படம் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

விளையாட்டுக்கான 'சீட்', பூட்டுடைத்த மென்பொருள், இலவச 'பிரீமியம்' என்று இறக்கும் படிவம் மூன்று, நான்கு மாணவர்கள் இதைச் சற்று நின்று படிக்க வேண்டும். காவலை நிறுத்தச் சொல்லும் எந்தக் கோப்புக்கு எதிராகவும் எந்தச் சந்தாவும் உதவாது.

இனி மறுபக்கம். ஆண்டிவைரஸ் நிறுவனங்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. இந்தத் துறையில் நம்மவர்களுக்கும் நல்ல பெயர் உண்டு. சென்னையில் 1991-இல் ஜெ. கேசவர்தனன் தொடங்கிய 'கே7 கம்ப்யூட்டிங்' ஜப்பான் வரை சென்று வென்ற நிறுவனம். அங்கே 'சோர்ஸ்நெக்ஸ்ட்' நிறுவனம் 2006-இல் 'வைரஸ் செக்யூரிட்டி ஜீரோ' என்ற பொருளை விற்கத் தொடங்கியது. உள்ளிருந்த இயந்திரம் கே7 உடையது. பெயரிலிருந்த 'ஜீரோ' எதைக் குறித்தது தெரியுமா? ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் பூஜ்ஜியம். ஒருமுறை வாங்கினால் போதும். ஆண்டுதோறும் ஏறும் சந்தா அறிவியலின் கட்டாயமல்ல, வியாபாரத் தீர்மானம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

பணம் கட்டுவதில் பொருள் இருப்பவர்களும் உண்டு. ஈப்போவில் அச்சகம் வைத்திருப்பவரிடம் நாளெல்லாம் ஊரார் பென்டிரைவ் வந்து போகும். கணக்காளரின் கணினியில் பிறருடைய வரிக் கணக்குகள் இருக்கும். அவர்கள் பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து கண்காணிக்க வேண்டியிருக்கும். அவர்கள் கட்டட்டும். இன்னொன்று, டிஃபெண்டர் இணையத்தை நம்பி வேலை செய்யும் மென்பொருள். இணைப்பில்லாதபோது அதன் கண் சற்று மங்குவதை ஏ.வி.-கம்பேரட்டிவ்ஸ் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இன்னும் சரியாக இணையம் எட்டாத ஒரு தோட்டத்து வீட்டில், பென்டிரைவ் வழியாகவே எல்லாம் நடக்கிறதென்றால், என் வாதம் அங்கே வலுவிழக்கும். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கூடுதலாக ஒரு காவல்காரனை வைத்தால் கூடுதல் பாதுகாப்புதானே என்ற எண்ணம் மட்டும் தவறு. இந்த மென்பொருள் கணினியின் ஆழத்தில், மிக உயர்ந்த அதிகாரத்தோடு இயங்குகிறது. அது தவறினால் எல்லாமே தவறும். 2010 ஏப்ரல் 21-ஆம் தேதி மெக்காஃபி நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான ஒரு கோப்பையே நச்சுநிரல் என்று பிடித்து ஒதுக்கியது. கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எரிந்தன. 2024 ஜூலை 19-ஆம் தேதி 'கிரவுட்ஸ்டிரைக்' நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளில் வந்த பிழையான புதுப்பிப்பு 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையாக்கியது. நம் கே.எல்.ஐ.ஏ.வின் இரண்டாம் முனையத்தில் ஏர்ஆசியா பயணிகள் நீண்ட வரிசையில் நின்றதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அன்று எந்தத் திருடனும் வரவில்லை. காவல்காரன் கால் தடுக்கி விழுந்தான், அவ்வளவுதான்.

அத்தானுக்கு வேறொரு சந்தேகம். "ஓசியில குடுக்குறது எப்படி மாப்ள நல்லா இருக்கும்?" என்றார். நியாயமான சந்தேகம்தான். அவாஸ்ட் என்ற புகழ்பெற்ற இலவச ஆண்டிவைரஸ் நிறுவனம், பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரங்களை 'ஜம்ப்ஷாட்' என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020 ஜனவரியில் அதை மூடினார்கள். 2024-இல் அமெரிக்க வணிக ஆணையம் 1 கோடியே 65 இலட்சம் டாலர் கட்டச் சொன்னது. ஆகவே கண்ட இலவசத்தையும் இறக்கச் சொல்லவில்லை. "டிஃபெண்டர் ஓசி இல்ல அத்தான். விண்டோஸ் வாங்கினப்பவே அதுக்கும் சேர்த்துக் காசு குடுத்துட்டீங்க" என்றேன். அது அவருக்குப் பிடித்துவிட்டது.

உண்மையில் இன்று நம் குடும்பங்களின் பணம் பறிபோவது மேசைக் கணினி வழியாக அல்ல, சட்டைப்பையிலிருக்கும் கைப்பேசி வழியாக. 'திருமண அழைப்பிதழ்' என்ற பெயரில் புலனத்தில் ஒரு கோப்பு வரும். கடைசியில் ஏ.பி.கே. என்று முடியும். அழைப்பிதழ் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரலாம், செயலியாக வர வேலையே இல்லை. அதை நிறுவி, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் டி.ஏ.சி. எண் நேராகத் திருடன் கைக்குப் போகும். இதனால்தான் 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி டி.ஏ.சி.யைக் கைவிட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்தது. கைப்பேசி ஆண்டிவைரஸ் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் தனித்தனி அறையில் அடைக்கப்பட்டிருக்கிறது. ஆண்டிவைரஸும் ஒரு செயலிதான், அடுத்த அறைக்குள் எட்டிப் பார்க்க அதற்கும் அனுமதியில்லை. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே வங்கிக்கோ 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணுக்கோ அழைக்க வேண்டும் என்பதை அம்மா, அப்பா, பாட்டி கைப்பேசிகளில் பதிந்து வையுங்கள். இது சந்தாவைவிடப் பயனுள்ளது.

புதுப்பிப்பு அறிவிப்பு என்று வருவதெல்லாம் உண்மையுமல்ல. 'உங்கள் ஆண்டிவைரஸ் சந்தாவுக்குப் பெருந்தொகை பிடிக்கப்பட்டது, ரத்து செய்ய இந்த எண்ணை அழைக்கவும்' என்று வரும் மின்னஞ்சல் பழைய மோசடி. அழைத்தால் உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து திறக்கச் சொல்வார்கள். அந்த எண்ணை விட்டுவிட்டு, வங்கிக் கணக்கையும் மென்பொருளின் உண்மையான தளத்தையும் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் செய்தது இதுதான். முதலில் நிறுவனத்தின் தளத்துக்குள் அத்தானின் கணக்கில் நுழைந்து, தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்தினோம். அது நான்கு பக்கங்களுக்குள் ஒளிந்திருந்தது. நடுவில் 'நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள்' என்று இரண்டு முறை பயமுறுத்தியது. பிறகு மென்பொருளை முழுதாக அகற்றினோம். காலாவதியானதை அப்படியே விட்டு வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். கணினியை அணைத்து எரியவிட்டு, 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்தோம். டிஃபெண்டர் தானாக விழித்துக்கொண்டு பச்சைக் குறி காட்டியது. விண்டோஸ் புதுப்பிப்பில் தேங்கிக் கிடந்த மூன்று திருத்தங்களை ஏற்றினோம்.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஈப்போவுக்கு வந்து யிக் ஃபூங் காம்ப்ளெக்ஸில் ஒரு வெளிப்புற வன்தட்டு வாங்கினோம். சந்தாவுக்குக் கேட்ட தொகையோடு அத்தான் கொஞ்சம் சேர்த்துப் போட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்த இன்னொரு வட்டையும் எடுத்துக்கொண்டேன். மாலையில் இரண்டிலும் படங்களை நகலெடுத்தோம். நகலெடுத்ததும் வட்டைக் கழற்றிவிட வேண்டும் என்று அவளுக்குச் சொன்னேன். கணினியோடு செருகியே இருந்தால் பணயத் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ஒரு படத்தில் அவள் நின்றுவிட்டாள். சைக்கிளின் இருபுறமும் பால் வாளி தொங்க, அரைக்கால் சட்டையோடு ஒருவர்.

"இது யாரு மாமா?"

"உங்க தாத்தா. அப்ப அவருக்கு இருபது வயசு இருக்கும்."

கோப்பின் பெயர் 'ஸ்கேன் 0147' என்றிருந்தது. அதைத் தாத்தாவின் பெயருக்கு மாற்றிவிட்டு அடுத்ததைத் திறந்தாள். ஒரு வட்டு இப்போது அக்காளின் புடவை பீரோவில் இருக்கிறது. மற்றது ஈப்போவில் என்னிடம். அடுத்த நகல் எடுக்கும் நாளை அவளே நாள்காட்டியில் வட்டமிட்டிருக்கிறாள்: பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை.